நான்காவது அறையில் சொல்லும் பொய்

ஒன்பது மணிக்கு இரும்புக் கதவை நான்தான் திறக்கிறேன்.
சூயாக் பேருந்து அதற்குள் திரும்பிப் போயிருக்கும்.
நுழைவு ஐந்நூறு ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி,
ஆமைக்கு இலை கொடுக்கத் தனிச் சீட்டு.

கோட்டை என்கிறது பலகை.
அகழி இல்லை. பீரங்கி இல்லை.
சர்க்கரை விலை ஏறிய ஒரே ஒரு வருஷத்தில்
முசியே ஓகுஸ்தென் தெல்காம்பின் தலைக்கும் ஏறியது:
இரண்டு கோபுரம், முப்பத்தொரு கதவு,
கல் வாங்கக் காசு தீர்ந்த உயரத்திலிருந்து
கல்போல் சாயம் பூசிய மரம்.
லா தூர்தெரெல் என்று பெயர் வைத்தார். மாடப்புறா.
புறாக்கள் பிறகுதான் வந்தன.
ஏணி வைத்துத் துடைப்பது நாங்கள்.

முதல் அறையில் புயலைச் சொல்வேன்.
கிழக்குக் கோபுரத்தை அலாக்காகத் தூக்கிக்
கரும்புக்குள் நட்டுவிட்டுப் போனது.
செத்தவை கோழிகள் மட்டும்.
இப்போது நிற்பது இரண்டாம் தாரம்,
சற்றே குட்டை.

இரண்டாம் அறையில் பியானோ.
ஈரம் குடித்து வீங்கி
ஒரு சுரம் ஊமை.
தொடாதே என்று எழுதியிருக்கிறது.
எல்லோரும் தொடுகிறார்கள்,
அந்த ஊமையைத் தேடி.

மூன்றாம் அறையில், கண்ணாடிக்குள்,
தோட்டத்தின் கணக்குப் புத்தகம்.
எப்போதும் திறந்திருப்பது கோவேறு கழுதைகளின் பக்கம்.
அடுத்த பக்கம் ஆட்களுடையது.
ஒரு தாள் திருப்பி வையுங்கள் என்று
இரண்டு முறை மனுக் கொடுத்தேன்.
கழுதைகளின் பக்கத்தில்தான் கையெழுத்து அழகு
என்றார் மேலாளர்.

பிறகு நீல அறை.

ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு ஜூலை மழையில்,
லியோனிலிருந்து தேனிலவுக்கு வந்த இருவர்
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து நின்றார்கள்.
வழியிலேயே சண்டை போலிருக்கிறது.
அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:
இவ்வளவு பெரிய வீட்டில்
யாராவது யாரையாவது நேசித்தார்களா?

ஆவணத்தில் இருப்பது எனக்குத் தெரியும்.
மதாம் ஓர்த்தான்ஸ் குளிருக்காகக் கியூர்பீப்பில் வாழ்ந்தாள்.
அறுவடைக்கு வந்தாள், அறுவடைக்குப் போனாள்.
கடிதங்களில் கூரை ஒழுகலும் வாடகையும்.

என் வாய் சொன்னது:
அந்தி சாய்ந்ததும் மேற்குக் கோபுரத்தில்
அவரே ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்,
அவள் வண்டி வழி தவறாமலிருக்க.

அந்தப் பெண்ணின் கை
பக்கத்துக் கையை மெல்லத் தேடியது.
அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அடுத்த வருஷம் அது விளம்பரத் தாளில் அச்சானது.
போர் லூயியில் ஒரு பழைய விளக்கு வாங்கி
உள்ளே மின்கலம் வைத்தார்கள்.
விளக்குத் தேநீர் இருநூறு ரூபாய்.
சனிக்கிழமைகளில் கல்யாணம்;
கோபுரப் படியில் மணப்பெண்ணின் பாவாடையை
நான் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்.
என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில்
பதினொரு நிமிஷம்.

போன மாதம் சொலாஞ்ச் என்றொருத்தி வந்தாள்.
எண்பதுக்கு மேல், சக்கர நாற்காலி,
மதாமுடைய தங்கை வழிப் பேத்தியாம்.
நான்காம் அறையைத் தாண்டிவிடப் பார்த்தேன்.
கையைத் தூக்கி நிறுத்தினாள்:
விளக்கு எங்கே?

கதவுப் பிடி என் கையில் வழுக்கியது.

அம்மா சொல்வாள், என்றாள்,
அதை ஏற்றியது பெரியம்மா.
விளக்கு எரிந்தால் நான் வீட்டில் இருக்கிறேன்,
நீங்கள் ஆலைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்
என்று அர்த்தம்.
நாற்பது வருஷம் ஒரு தடவைகூட
அவர் அந்த வெளிச்சத்தை மீறவில்லை.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
அது மரியாதையா வேறெதுவா என்று
நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆமைக்குச் சீட்டு வேண்டாம் என்றேன் அவளிடம்.

இன்றைக்கும் பழைய பொய்யைத்தான் சொன்னேன்.
ஒரு வார்த்தை மட்டும் தடுக்கியது, ‘வழி’ என்ற இடத்தில்.
யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தரைக்குக் கோபுரமேறி விளக்கை அணைக்கிறேன்.
கீழே, சாலையோரம், தக்காளி வேனுக்குள்
சொக்கலிங்கம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.
இருட்டு வந்ததும்
இஞ்சின் முடுக்கும் சத்தம்
இங்கே வரைக்கும் கேட்கும்.